ஓரம் வெட்டிய புத்தகங்கள்

ஜனவரி 9

சின்னவளே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். கேட்டாகிவிட்டது. நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமில்லை, அதற்குக் காரணம் நீ.

பார்சல் நேற்று மதியம் வந்தது. ஐந்து சமையல் புத்தகங்களும் கெட்டி அட்டை, சிவப்புத் துணி, முதுகில் பொன்னெழுத்து என்று வந்து இறங்கின. உன் அத்தான் பார்த்துவிட்டு, "அடேயப்பா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே" என்றார். நானும் சிரித்துக்கொண்டே மீன் புத்தகத்தைத் திறந்தேன். ஓரம் இல்லை. கேக் புத்தகத்திலும் இல்லை. ஐந்திலும் மூன்று பக்கமும் விரல் அகலத்துக்கு மேல் வெட்டித் தள்ளியிருக்கிறது. அச்சு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அந்த அச்சை யார் கேட்டது?

இருபத்திரண்டு வருஷம் நான் பென்சிலால் எழுதியது முழுக்க அந்த ஓரத்தில்தான் இருந்தது. அச்சில் ஒரு கரண்டி உப்பு என்றால் ஓரத்தில் முக்கால் என்று இருக்கும். நாற்பது நிமிடம் என்றால், நம் அடுப்புக்கு முப்பத்திரண்டு என்று இருக்கும். இப்போது சில இடத்தில் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. "முக்" என்று இருக்கிறது. முக்காலா, முக்கிய குறிப்பா என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டுமா?

டிசம்பரில் நீ வந்தபோது, "தாள் தாளா உதிருது அக்கா, எங்க கடைக்குப் பக்கத்துலயே நல்ல பைண்டர் இருக்கார்" என்றாய். நம்பிக் கொடுத்தேன். வெட்டிய துண்டுகள் எனக்கு வேண்டும். அவரிடம் கேட்டு ஒன்று விடாமல் அனுப்பு.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இறங்கிவிடுவேன். எனக்கு இப்போது இறங்க இஷ்டமில்லை.

வயிற்றெரிச்சலுடன்,
அக்கா


ஜனவரி 17

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புத்தக விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். பைண்டர்கள் எல்லாத் தாளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர மூன்று பக்கமும் வெட்டுவார்களாம். அது அவர்கள் வழக்கமாம். நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எதற்கு அந்தக் குறிப்பெல்லாம்? கண்ணைக் கட்டிவிட்டாலும் சமைப்பாய். உன் கைக்குத் தெரியாத அளவா? டிசம்பரில் நான் இருந்த ஒரு வாரமும் ஒரு வேளைகூட உப்பு உறைப்பு பிசகவில்லை. வேண்டுமானால் புது நோட்டு ஒன்று வாங்கி அனுப்புகிறேன். உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் திரும்ப எழுதிவிடுவாய்.

கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடக்கிறது. நிற்க நேரமில்லை. துண்டுகளைப் பற்றி விசாரிக்கிறேன்.

என்றும் உன்,
தங்கை


ஜனவரி 26

சின்னவளே,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அதை விசாரித்து என் வாயை அடைக்காதே.

"கவனிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். எறும்பு அளவு எழுத்தை ஊரையெல்லாம் படித்துக் காட்டச் சொல்கிறவள். ஐந்து புத்தகத்தின் எல்லா ஓரத்திலும் இருந்த எழுத்து உன் கண்ணில் படவில்லையா? யாரிடம் காது குத்துகிறாய்?

புது நோட்டாம். உன் நோட்டை நீயே வைத்துக்கொள்.

ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று கேட்டால், கேள். ஏப்ரல் முப்பதோடு உன் அத்தானுக்கு வேலை முடிகிறது. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் ஒரு மாலை போட்டு, ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் அன்று மதியம் எல்லோருக்கும் நம் வீட்டில் சாப்பாடு, நானே சமைக்கிறேன் என்று போன வருஷமே சொல்லிவிட்டேன். நாற்பது பேர். அவர் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் என்னை வழியில் நிறுத்தி, "என்னம்மா, அந்தப் பூண்டுக் கோழி உண்டுல்ல?" என்று கேட்கிறார். கோழி, மீன், சூப், எலுமிச்சைக் கேக் நாலும் ஓரத்தில் இருந்தவை. நாலும் இப்போது குப்பையில்.

சென்ற ஞாயிறு அச்சில் உள்ளபடியே கேக் செய்து பார்த்தேன். உன் அத்தான், "நல்லாத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனான். அவனுக்குப் பசியில்லை என்றால் மழை கொட்டும்.

பைண்டரின் விலாசத்தை அனுப்பு. அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கடையில் கணக்கெடுப்பு. அத்தானையும் மகனையும் கேட்டதாகச் சொல்.

பைண்டரிடம் கேட்டேன். வெட்டிய துண்டுகளை அட்டை செய்கிறவர்கள் மூட்டையாக எடுத்துப் போய்விட்டார்களாம். இனி கிடைக்காது. அவருக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை, வயதானவர், பாவம். நடந்தது நடந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு நல்ல இடமாகப் பார்த்து வெளியில் சொல்லிவிடேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நாற்பது பேருக்கு நீ நிற்க வேண்டுமா? அத்தான் ஒன்றும் நினைக்க மாட்டார். மற்றவை பிறகு.

தங்கை


பிப்ரவரி 20

ஐயா,

உங்கள் பட்டறையின் விலாசம் தபால்தலை அளவுச் சீட்டாகப் பின் அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. என் தங்கைக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் கடைசியில் கண்ணாடிக் கடைப் பெண் ஒருத்தி ஐந்து சமையல் புத்தகங்களைக் கொண்டுவந்து தந்திருப்பாள். அவை என்னுடையவை. நீங்கள் தைத்த தையலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓரத்தில் ஒரு மனுஷி தன் கையால் எழுதியிருக்கிறாளே, வெட்டலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கசாப்புக்காரர்கூட எந்தத் துண்டு வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார். உங்களுக்கு அந்தப் பொறுமைகூட இல்லாமல் போயிற்றா?

உங்கள் பிள்ளைகளின் நோட்டையும் இப்படித்தான் வெட்டுவீர்களா? நாலு வரி பதில் எழுதினால் போதும். ஏன் வெட்டினீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
புத்தகத்தின் சொந்தக்காரி


மார்ச் 1

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் கடிதத்தை என் மகள் படித்துக் காட்டினாள். கசாப்புக்காரர் என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு பேச்சை யாரிடமும் வாங்கியதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறேன்.

எழுத்து இருக்கும் ஓரத்தை வெட்டும் வழக்கம் என் பட்டறையில் கிடையாது. அப்படிப்பட்ட புத்தகம் வந்தால் மட்டம் பார்க்காமல் அப்படியே தைத்துவிடுவோம். தங்கள் புத்தகங்களையும் அப்படித்தான் தைக்க நினைத்தேன். ஆனால் தங்கள் தங்கை கொடுக்கும்போதே, "ஓரத்தை நல்லா உள்ள தள்ளி வெட்டிடுங்க" என்றார்கள். "எழுத்து இருக்கேம்மா, போயிடுமே" என்றேன். "அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன்" என்றார்கள். அவர்கள் முகம் சரியில்லை. அதனால் இரண்டு நாள் வேலையைத் தொடாமல் போட்டு வைத்தேன், மனசு மாறட்டும் என்று. மறுபடி வந்து, மெஷின் பக்கத்திலேயே நின்று வெட்டச் சொன்னார்கள். கொண்டுவந்தவர் சொல்லை நான் எப்படித் தட்டுவது?

துண்டுகள் அந்த வாரமே போய்விட்டன. அது உண்மை.

வெட்டும் முன் மீன் புத்தகத்தில் ஓர் ஓரம் கண்ணில் பட்டது. எண்ணெய் புகைந்த பிறகே மீனைப் போடு, முன்னால் போட்டால் சட்டியில் ஒட்டும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் சொன்னேன். இப்போது ஒட்டுவதில்லை. அதற்கு நன்றி. மற்றபடி தாங்கள் எழுதிய வார்த்தைக்கு எனக்கு வருத்தம் உண்டு.

இப்படிக்கு,
பைண்டர்


மார்ச் 6

பைண்டரின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படி. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன், அந்த அவமானமும் உன் கணக்கில்தான்.

பூசி மெழுகாமல் ஒரு கேள்விக்குப் பதில் எழுது. நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆமாம், நான்தான் வெட்டச் சொன்னேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

என்ன கெடுதல் என்றா கேட்கிறாய்? புத்தகத்தைப் பட்டறையில் கொடுப்பதற்கு முன் கடைக்குக் கொண்டுபோனேன். மதியம் ஆளில்லாத நேரத்தில் ஆசையாகத் திறந்தேன். உன் எழுத்து மங்கியிருந்தது, லென்ஸ் வைத்துப் படித்தேன். மகன் முதல் முதலாகச் சூப் குடித்த தேதி இருந்தது. உன் மாமியார் மீனைக் குறை சொன்னது இருந்தது. படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் வந்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் என்னைக் கட்டிய அந்த ஆளை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் புத்தகத்துக்கு இருக்கிறது. நாலு பேருக்கு என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறாய். "ஐந்து பேருக்கு. எவ்வளவு நாளைக்கோ." பூண்டுக் கோழிப் பக்கத்தில், "நாலாவது மாதம். போகிற பேச்சே இல்லை. கோழி கால் கிலோ கூட்டு." சூப்பில், "ஐந்து பேர். தண்ணீர் சேர்த்துச் சமாளி." பதினோரு இடத்தில் இருக்கிறது அக்கா, எண்ணினேன். பதினோராவது கேக் புத்தகத்தில். "இன்று கிளம்பினாள். இனி பழைய அளவு. அப்பாடா."

அந்த எட்டு மாதம் நீ என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, இளைச்சுப் போயிட்டே" என்று தட்டில் வைப்பாய். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் அக்கா மாதிரி உண்டா என்று. தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பென்சிலை எடுத்திருக்கிறாய். உனக்கு நான் தங்கை இல்லை, கால் கிலோ.

வாடிக்கைக்காரர் வந்து, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார். கண்ணாடிக் கடையில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நேராகப் பட்டறைக்குப் போனேன்.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் அதைப் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். அது தெரியாமல் இருந்தால் நாம் பழையபடி இருக்கலாம் என்று நினைத்தேன். இப்போது அதுவும் போயிற்று.

தங்கை


ஏப்ரல் 4

சின்னவளே,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எழுதினேன். பதினொன்றும் நான் எழுதியதுதான். இல்லை என்று சொல்லப் போவதில்லை.

அந்த வீட்டில் அப்போது இரண்டு அறை. நீ தூங்கிய அறை மாமியாருடையது. நீ குளிக்கப் போனால் தொடங்குவார், வெளியே வந்தால் நிறுத்துவார். "உன் தங்கச்சி எப்போ போவா? ஒரு முடிவு தெரிய வேண்டாமா?" என்று எட்டு மாதம் தினமும் கேட்டார். ஒருநாள்கூட அது உன் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். உன் அத்தானிடம் சொன்னால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வரும். உன்னிடம் சொன்னால் அந்த நிமிடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனிடமே திரும்பிப் போயிருப்பாய். போயிருப்பாயா இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல். உன்னிடம் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் புத்தகத்திடம் சொன்னேன். எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும். நான் என்ன மரக்கட்டையா?

உன் மேலும் கோபம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மத்தியானம் வரை தூங்குவாய், ஒரு டம்ளரைக் கழுவி வைக்க மாட்டாய். வீட்டில் ஒருத்தி உடைந்து கிடக்கும்போது இதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் வராமல் போகுமா?

அந்த அப்பாடாவுக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதினேன். அன்று நான் சமைக்கவில்லை, எல்லோரும் வெறும் ரொட்டி தின்றோம். அதை எழுதவில்லை. அதுதான் தப்பு.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். அந்தப் பதினோரு ஓரத்தை மட்டும் கத்தரித்து என் முகத்தில் எறிந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதற்காக ஐந்து புத்தகத்தையுமா வெட்டுவாய்?

இப்போது பால் விஷயம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அதில் என் மூக்கு போய்விட்டது. வாசனை என்பதே இல்லை. அதோடு நாக்கும் போயிற்று. உப்பு என்றால் ஏதோ இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. பூண்டும் வெங்காயமும் எனக்கு ஒன்றுதான். டாக்டர், "வந்தாலும் வரலாம்மா" என்றார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது, வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே பெருமை சமையல். அதையும் பாவப்பட்டுச் சாப்பிடுகிற நிலைக்கு விடுவேனா? புத்தகத்தைத் திறந்து வைத்து, ஓரத்தில் இருந்ததை ஒரு சிட்டிகை கூட்டாமல் குறைக்காமல் போட்டேன். நாக்கு இருந்த காலத்தில் நான் எழுதியது அது. டிசம்பரில் நீ சப்புக்கொட்டிச் சாப்பிட்டதும் அதைத்தான். என் கைக்குத் தெரியும் என்று எழுதினாயே, கைக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமும் நாக்கைக் கேட்டுத்தான் கை போட்டது.

நீ வெட்டியது அதைத்தான். இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. நாற்பது பேர் வருகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மூக்கு போய் ஒன்றரை வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்தவள், நான் மறைத்தேன் என்று என்னை எப்படிக் கேட்கிறாய்? கேஸ் கசிந்தால் யார் உனக்குச் சொல்வது? பெருமையாம், பெருமை. டிசம்பரில் ஒரு வாரம் உன் பக்கத்தில் நின்றேனே, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் அந்த மெஷின் பக்கத்திலேயே போயிருக்க மாட்டேன். இது சப்பைக்கட்டு இல்லை. வெட்டியது நான்தான், அது தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோபப்பட்டதற்குக் கேட்க மாட்டேன்.

மாமியார் பேசியது எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. டம்ளர் கழுவாதது உண்மை.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். 22ஆம் தேதி வருகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, ஆனால் நாக்கு இருக்கிறது. நீ போடு, நான் சொல்கிறேன். ஒருநாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. நான் வருவதற்குள் அத்தானிடம் நீயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் வாசலில் நின்று நான் சொல்வேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம்.

தங்கை


மே 8

சின்னவளே,

சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே வீடு கழுவி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. முழங்கால் வீங்கியிருக்கிறது. அதை நீ விசாரிப்பாய் என்று நானே எழுதிவிட்டேன்.

உன் அத்தானிடம் சொன்ன கதையை நீ இருந்தபோது சொல்ல முடியவில்லை, நாம்தான் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோமே. நான் சொன்னதும், "ஜனவரியிலேர்ந்து ஏதோ சரியில்லைன்னு தெரியும்" என்றார். "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். "நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். மூன்று மாதம் நான் போட்டதையெல்லாம் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களும் சரி, கட்டியவரும் சரி, எல்லோருக்கும் வாயில் பூட்டு. அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

டிப்போக்காரர்கள் இன்னும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய அதிகாரி தன் மனைவிக்கு என்று கேக்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனாராம். பெருமைதான். ஆனால் நாற்பது பேர் வாயை நான் நம்ப மாட்டேன். விருந்துக்கு வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

என் மண்டையைக் குடைவது வேறு. எட்டு நாள் என் பக்கத்தில் நின்று, "உப்பு", "போதும்", "இன்னும் வேகணும்" என்று பட்டாளத்தில் உத்தரவு போடுவதுபோல் சொன்னாய். அன்று காலை கேக் ஆறியதும் ஒரு விள்ளல் வாயில் வைத்தாய். அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாய். கூப்பிட்டேன், திரும்பவில்லை. நாற்பது பேர் வரும் நேரத்தில் என்னால் உன் பின்னால் வர முடியவில்லை. கேக்கை அப்படியே பரிமாறிவிட்டேன். பஸ் ஏறும்போதும் கேட்டேன், "பிறகு" என்றாய்.

கேக் கெட்டுப்போயிருந்ததா? மற்றது எல்லாம் எப்படி இருந்தது? ஒன்றையும் ஒளிக்காமல் எழுது. எனக்குப் பூசி மெழுகாமல் சொல்ல இப்போது நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

அக்கா


மே 15

அக்கா,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நின்றுகொண்டே இருக்காதே.

நீ கேட்டதால் எழுதுகிறேன். சூப் நன்றாக இருந்தது, மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல். மீன் சரியாக இருந்தது. கோழி உப்புக் கரித்தது. அது உன் தப்பில்லை. பெரிய பாத்திரத்துக்கு மாற்றியபோது, பதற்றத்தில் இரண்டு தடவை உப்பு போடச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ருசி பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு போட்டு உப்பை முடிந்தவரை இழுத்தேன். டிக்கெட் கவுண்டர்க்காரர் மோரை எத்தனை டம்ளர் குடித்தார் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். அன்று சொல்லியிருந்தால் நீ உடைந்திருப்பாய். இப்போது திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

கேக்.

அதற்கு முந்தின நாலு தடவை செய்ததில் ஒன்று புளித்தது, ஒன்று காய்ந்தது, மற்ற இரண்டும் சுமார். அன்றைய கேக்கை வாயில் வைத்தேன். முதலில் எலுமிச்சைத் தோலின் கசப்பு ஒரு நொடி வந்தது, பிறகு வெண்ணெய், அதற்குப் பிறகுதான் இனிப்பு. ஓரம் மொறுமொறுவென்று இருந்தது, நடுவில் ஈரம். நீ கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் முழுக்க மாவு. எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் அந்தப் பட்டறையில்கூட வரவில்லை. உன் மேல் இல்லை, என் மேல்கூட இல்லை. யார் மேல் என்று தெரிந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். கத்த ஆளில்லாமல்தான் வாசலுக்குப் போனேன்.

கேக் நன்றாக இருந்தது அக்கா. இதுவரை நீ செய்ததிலேயே நன்றாக இருந்தது. உனக்கு அது தெரியவே போவதில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னவள்